பீரோவில் கிடக்கும் பி.எஸ்.பி.யும் பி.எஸ்.2-வும்: எமுலேட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணைக்கு மாதம் இரண்டு மூன்று பழைய கன்சோல், அதாவது வீடியோ கேம் மெசின், வந்துவிடும். மேலப்பாளையம், கடையநல்லூர், அம்பாசமுத்திரம் என்று எங்கிருந்தாவது யாராவது மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். முக்கால்வாசி, வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் லீவுக்கு வரும்போது பிள்ளைகளுக்கு வாங்கி வந்தவை. அந்தப் பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். மெசின் மட்டும் பீரோவில் கிடக்கிறது. "இதை எடைக்குப் போட்டுரலாமா?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. போடாதீர்கள். எமுலேட்டர் ஏற்றினால் சின்ன வயதில் ஆடின கேம்களை அதிலேயே ஆடலாம். அதற்கு அடுத்து வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் பேசின மாதிரியே எழுதி, கீழே பதில் வைத்திருக்கிறேன்.

எமுலேட்டர் எமுலேட்டர்ங்காங்களே, அப்படின்னா என்ன அண்ணாச்சி?

ஒரு மெசினை இன்னொரு மெசின் மாதிரி நடக்க வைக்கிற சாஃப்ட்வேர். நாம் சின்ன வயதில் ஆடின 'காண்ட்ரா'வும் 'மரியோ'வும் நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாம் என்ற மெசினுக்காக எழுதப்பட்டவை. அதன் சிப்புக்குப் புரிகிற கட்டளைகள் சோனியின் கையடக்க மெசினான பி.எஸ்.பி.யின் சிப்புக்குப் புரியாது. நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டளையையும் மாற்றிச் சொல்லும் வேலையை எமுலேட்டர் செய்கிறது.

கேசட்டில் இருந்த கேமைக் கோப்பாக எடுத்து வைத்தால் அதன் பெயர் ரோம். எமுலேட்டர் வேறு, ரோம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் "ஏத்தினேன், ஒண்ணுமே வரல" என்று திரும்ப வருகிறார்கள்.

டிவியில மாட்டி '9999 இன் 1' கேசட் போடுவோம்லா, அந்த வீடியோ கேம்ல இதை ஏத்த முடியுமா?

முடியாது. அந்த மெசின் ஃபேமிகாமின் நகல். திறந்து பார்த்தால் போர்டின் நடுவில் கறுப்பாக, உருகி உறைந்த மாதிரி ஒரு பொட்டு இருக்கும். மொத்த மெசினும் அதற்குள்தான். ஃபேமிகாமின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். அதில் வேறு எதையும் ஏற்ற இடமே இல்லை. 9999 கேம் என்பதும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கேம்களைப் பெயரையும் தொடங்கும் இடத்தையும் மாற்றித் திருப்பித் திருப்பி அடுக்கியதுதான்.

ஓடுகிற நிலையில் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆடியவை எல்லாமே கீழே சொல்லும் மெசின்களில் அட்டகாசமாக ஓடும்.

எங்கிட்ட என்ன மெசின் இருக்குன்னே தெரியல. எதுல நல்லா ஓடும்?

மெசினைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். பி.எஸ்.பி. என்றால் 1000, 2000, 3000 என்று எண் இருக்கும். பேட்டரியைக் கழற்றினால் உள்ளேயும் தெரியும். என் கணக்கில் நம் ஊர்ப் பக்கம் கிடைப்பவற்றில் இதற்கு மிகச் சிறந்தது பி.எஸ்.பி.தான். 333 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் சிப், 4.3 அங்குலத் திரை, நல்ல பட்டன். 1000 மாடலில் 32 எம்பி நினைவகம், அதற்குப் பின் வந்தவற்றில் 64 எம்பி.

அடுத்தது, சோனியின் டிவியில் மாட்டி ஆடும் பி.எஸ்.2 (பிளேஸ்டேஷன் 2). அதற்குத் தனியாகக் கீழே பதில் இருக்கிறது. நிண்டெண்டோ வீ இந்த வேலைக்கு அருமையான மெசின், ஆனால் இங்கே அபூர்வமாகத்தான் கண்ணில் படும். எக்ஸ்பாக்ஸ் 360-இல் பெரும்பாலும் போர்டில் சால்டர் வைக்க வேண்டிவரும். ஏற்கெனவே யாராவது செய்து வைத்திருந்தால் சரி, இல்லையென்றால் அதை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

போன்லயே எல்லா எமுலேட்டரும் கிடைக்கே, பெறவு எதுக்கு இந்தப் பழசு?

கையில் மெசின் இல்லாதவர் இதற்கென்று காசு கொடுத்துத் தேடி வாங்கத் தேவையில்லை. போனும் ஒரு கண்ட்ரோலரும் போதும். ஆனால் வீட்டிலேயே ஒன்று இருந்தால் கதை வேறு. கண்ணாடித் திரையைத் தடவி 'மரியோ'வைக் குதிக்க வைப்பதற்கும், பட்டன் விரலுக்கடியில் அமுங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நிமிடம் ஆடினாலே உணர்ந்துவிடலாம். விளம்பரம் வராது, நடுவில் கால் வராது. பிள்ளைக்குக் கொடுக்கும்போது நெட் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். பி.எஸ்.பி. 1000, 2000, 3000 மூன்றிலுமே வைஃபையை அணைக்கத் தனி சுவிட்சு இருக்கிறது. இ1000 மாடலில் வைஃபையே கிடையாது.

பத்து வருசமா பீரோவுக்குள்ள கெடக்கு. அப்படியே சார்ஜ் போட்டுரலாமா?

வேண்டாம். முதலில் பின்பக்க மூடியைத் திறந்து பேட்டரியை வெளியே எடுத்து, சமமான மேசைமேல் வையுங்கள். சுண்டு விரலால் ஒரு ஓரத்தை லேசாகத் தட்டுங்கள். தட்டு மாதிரி சுழன்றால் நடுவில் உப்பியிருக்கிறது என்று அர்த்தம். போன சித்திரையில் ஒரு பெரியவர் கொண்டுவந்த பி.எஸ்.பி.யில் மூடியே திறக்கவில்லை. பேட்டரி உப்பி உள்ளிருந்து மூடியை நெம்பிக்கொண்டிருந்தது. நகத்தால் மெதுவாக விடுவித்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. உப்பிய பேட்டரியைக் குத்தவோ, அமுக்கவோ, சார்ஜ் போடவோ கூடாது. குப்பையிலும் போடாதீர்கள். பழைய பேட்டரி எடுக்கும் இடத்தில் கொடுங்கள்.

பேட்டரி இல்லாமலே, அடாப்டர் மட்டும் மாட்டினாலும் பி.எஸ்.பி. ஆன் ஆகும். மெசின் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் அப்படிப் பாருங்கள். புது பேட்டரி வாங்கும்போது மாடலைச் சொல்லி வாங்குங்கள். 1000-க்கு உரியது தடிமன். 2000, 3000 மாடலில் அதை வைத்தால் மூடி அடையாது.

அத்தான் அமெரிக்காவுல இருந்து கொண்டுவந்த பி.எஸ்.2. நேரா பிளக்குல சொருகலாமா?

லேபிளைப் படிக்காமல் சொருகாதீர்கள். அமெரிக்க மாடல் பெரிய பி.எஸ்.2 120 வோல்ட்டுக்கும், ஜப்பான் மாடல் 100 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டவை. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் பவர் சப்ளை போய்விடும். நடுவில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். வளைகுடாவில் வாங்கியவை பெரும்பாலும் 220–240 வோல்ட்டுக்கானவை, ஆனாலும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஊசி பொருந்துகிறது என்று வேறு அடாப்டர் மாட்டுவதும் தப்பு. பி.எஸ்.பி.க்கு வேண்டியது 5 வோல்ட். அடாப்டரைத் தனியாக மாட்டும் ஸ்லிம் பி.எஸ்.2-வுக்கு 8.5 வோல்ட். செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டரை மாட்டிக் கெட்டுப்போன ஸ்லிம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.

இதெல்லாம் ஏத்துனா மெசின் செத்துப்போகும்னு சொல்லுதாவ, நெசமா?

அந்தப் பயம் பழைய காலத்தது. மெசினை இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்தான் ஃபர்ம்வேர். பி.எஸ்.பி.யில் எமுலேட்டர் ஓட, அதை வெளியாட்கள் மாற்றி எழுதிய கஸ்டம் ஃபர்ம்வேர் வேண்டும். சோனி கடைசியாக 2015-ல் விட்ட ஃபர்ம்வேர் 6.61. முதலில் அதற்கு அப்டேட் செய்துவிட்டு, மேலே ஆர்க்-4 மாதிரி ஒன்றைத் தற்காலிக முறையில் போட்டால் போதும். மெசினை முழுக்க அணைத்தால் அது போய்விடும். திரும்ப ஆன் செய்ததும் ஒரு ஐகானைத் தேர்ந்து பட்டனை அமுக்கி மறுபடி எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் சிரமம். நிரந்தரமாகப் போடும் வழியும் உண்டு, ஆனால் முதல் தடவை செய்கிறவருக்கு நான் அதைச் சொல்வதில்லை.

உண்மையான ஆபத்து, சோனியின் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதில் இருக்கிறது. அதனால்தான் பேட்டரி போதுமான சார்ஜில் இல்லாமல் பி.எஸ்.பி. அப்டேட்டைத் தொடங்கவே விடாது. பேட்டரி இல்லாமல் அடாப்டரில் ஓட்டலாம் என்று மேலே சொன்னது சோதித்துப் பார்க்க மட்டும். அப்டேட்டுக்கு நல்ல பேட்டரி கட்டாயம்.

சோனி கார்டு 1 ஜிபிதான் இருக்கு. பெரிய கார்டு எங்க போய் வாங்க?

பழைய மெமரி ஸ்டிக்கைத் தேடி அலைய வேண்டாம். மைக்ரோ எஸ்.டி.யைச் சொருகிப் போடும் சின்ன அடாப்டர் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். 32 ஜிபி கார்டு ஒன்று தாராளம். கார்டைப் போட்டதும் கம்ப்யூட்டரில் இல்லாமல் பி.எஸ்.பி.யின் செட்டிங்ஸிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். தேவையான ஃபோல்டர்களை அதுவே போட்டுக்கொள்ளும். எமுலேட்டர் ஒவ்வொன்றும் 'பி.எஸ்.பி.' ஃபோல்டருக்குள் இருக்கும் 'கேம்' ஃபோல்டரில் தனித்தனி ஃபோல்டராகப் போக வேண்டும். அந்த ஒரு படியை விட்டுவிட்டால் எதுவும் தெரியாது.

போலி கார்டு பற்றி எச்சரிக்கை. ஒருமுறை 16 ஜிபி என்று நான் வாங்கிய கார்டில் 2 ஜிபிக்கு மேல் எழுதியதெல்லாம் மாயமாகப் போனது. அதிலிருந்து புதுக் கார்டை முதலில் முழுக்க எழுதிப் படித்துச் சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறேன்.

ரோம் எங்க கெடைக்கும்? நீங்களே ஏத்தித் தந்துருங்களேன்.

இதற்கு மட்டும் நான் மறுத்துவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எமுலேட்டர் எழுதுவதில் தப்பில்லை. சோனி தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-லேயே எமுலேட்டர் செய்தவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் கேம் இன்னொருவரின் உழைப்பு. நம் பதிப்புரிமைச் சட்டம் (1957) 52-ஆம் பிரிவில், ஒரு நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர் இழப்புக்குப் பாதுகாப்பாக அதிலிருந்து நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. யாரோ எடுத்த நகலை இறக்குவதற்கு அதில் இடமில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு, நகல் எடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று 2012 திருத்தத்தில் 65-ஏ பிரிவும் சேர்ந்திருக்கிறது.

உங்களிடம் டிஸ்க் இருந்தால் அதை எடுத்து வாருங்கள், அதிலிருந்து கோப்பு எடுக்கும் விதத்தைக் காட்டுகிறேன். இல்லாதவர்களுக்கு, எழுதியவர்களே இலவசமாகக் கொடுத்த கேம்கள் நிறைய உண்டு. 2004-ல் ஜப்பானில் ஒரே மனிதர் எழுதி இலவசமாக விட்ட 'கேவ் ஸ்டோரி'க்கு பி.எஸ்.பி. வடிவம் இருக்கிறது. கேம்பாய்க்காக 2017-ல் வந்த 'டோபு டோபு கேர்ள்' அப்படியே எமுலேட்டரில் ஓடும். முதல் சோதனைக்கு நான் போடுவது அதைத்தான்.

மரியோ நல்லா ஓடுது. சூப்பர் நிண்டெண்டோ கேம் மட்டும் திக்கித் திக்கி வருதே?

பத்தில் ஒன்பது பேருக்கு இது ஒரு செட்டிங்கில் தீர்ந்துவிடும். பி.எஸ்.பி. தானாக 222 மெகாஹெர்ட்ஸில் ஓடும், 333-க்கு நாம்தான் உயர்த்த வேண்டும். எமுலேட்டரின் மெனுவிலோ கஸ்டம் ஃபர்ம்வேரின் மெனுவிலோ சி.பி.யூ. வேகம் என்று இருக்கும். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், பரவாயில்லை. அப்புறம் ஃப்ரேம் ஸ்கிப்பை, அதாவது நடுவில் படம் விட்டு விட்டு வரைவதை, 1 என்று வையுங்கள்.

அப்படியும் சில கேம் இழுக்கும். சூப்பர் நிண்டெண்டோ கேசட்டுகள் சிலவற்றுக்குள் சூப்பர் எஃப்.எக்ஸ்., எஸ்.ஏ.-1 என்று தனிச் சிப் இருந்தது. எமுலேட்டர் அதையும் சேர்த்து நடிக்க வேண்டும் என்பதால் மூச்சு வாங்கும். எமுலேட்டர் தேர்வில் என் கை போவது: ஃபேமிகாமுக்கு நெஸ்டர்ஜே, சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஸ்னெஸ்9எக்ஸ் டி.ஒய்.எல்., கேம்பாய் அட்வான்சுக்கு ஜி.பி.எஸ்.பி., செகாவுக்கு பிகோடிரைவ்.

பி.எஸ்.1 கேம் எவ்ளோ பெருசு, அது வழுக்கிட்டு ஓடுது. நிண்டெண்டோ 64 ஏன் ஓட மாட்டேங்கு?

நல்ல கேள்வி. பி.எஸ்.1-இன் சிப் சுமார் 34 மெகாஹெர்ட்ஸ், மிப்ஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. பி.எஸ்.பி.யின் சிப்பும் அதே குடும்பம். கட்டளைகளைப் பெரிதாக மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அதோடு, பி.எஸ்.1-க்கான எமுலேட்டரை சோனியே எழுதி மெசினுக்குள் வைத்துவிட்டது. தன் மெசினின் உள்விவரம் முழுக்கத் தெரிந்தவர்கள் எழுதினால் அப்படித்தான் ஓடும்.

நிண்டெண்டோ 64-இன் சிப்பும் மிப்ஸ்தான். ஆனால் அது 93.75 மெகாஹெர்ட்ஸ், 64-பிட். படத்துக்கும் ஒலிக்கும் இன்னொரு வலுவான சிப் தனியாக உண்டு. அதையும் 333-க்குள் நடிக்க வைக்க முடியவில்லை. டேடலஸ் என்ற எமுலேட்டரில் சில கேம்கள் ஏதோ நகரும், ஆடுகிற வேகம் பெரும்பாலும் வராது. அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள்.

முஸ்தபா கேம் வருமா?

வரும்! திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ரூபாய்க் காசைக் கையில் அடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். அதன் உண்மைப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்', 1993-ல் கேப்காம் விட்டது. மஞ்சள் தொப்பிக்காரரின் பெயர்தான் முஸ்தபா. கேப்காமின் சி.பி.எஸ்.-1 போர்டு கேம் அது. அந்தப் போர்டுக்கென்றே பி.எஸ்.பி.யில் தனி எமுலேட்டர் உண்டு.

இப்படிக் காசு போட்டு ஆடின ஆர்கேட் கேம் ஓடவில்லை என்றால் பெரும்பாலும் கோப்புகளின் பெயர்தான் காரணம். ஒரு போர்டில் பல சிப்புகள் இருந்ததால் ரோமும் பல துண்டாக ஒரே ஜிப்பில் இருக்கும். எமுலேட்டர் எதிர்பார்க்கும் அதே பெயரில் அவை இருக்க வேண்டும். ஜிப்பின் பெயரை ஆசைக்கு மாற்றிவைத்தால் அடையாளம் தெரியாமல் போய்விடும். அதற்கு அடுத்த சி.பி.எஸ்.-2 போர்டு கேம் என்றால் கம்ப்யூட்டரில் முதலில் கேஷ் கோப்பு ஒன்று தயார் செய்து கூடவே போட வேண்டும், ஏனென்றால் அவ்வளவு பெரிய கேம் பி.எஸ்.பி.யின் நினைவகத்துக்குள் ஒரே மூச்சில் அடங்காது.

எங்க வாப்பா வாங்கித் தந்த பி.எஸ்.2-ல லென்சு போயிட்டு, டிஸ்க்கே படிக்காது. அதுல முடியுமா?

தாராளமாக. ஃப்ரீ எம்.சி. பூட் என்ற சாஃப்ட்வேரை ஏற்றிய மெமரி கார்டு ஒன்று இருந்தால் லென்சே வேண்டாம். மெசின் கார்டிலிருந்து எழும்பி, பென் டிரைவில் இருக்கும் எமுலேட்டரை ஓட்டும். மெசினுக்குள் எதுவும் மாறாது, கார்டை உருவினால் பழையபடி ஆகிவிடும். கார்டில் அதை ஏற்ற, ஏற்கெனவே தயாராக உள்ள இன்னொருவரின் கார்டு ஒன்று தேவை. மலிவுக் கார்டுகள் சிலவற்றில் இது ஏறாது. பென் டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்கட்டும். பி.எஸ்.2-வின் யு.எஸ்.பி. மிகவும் மெதுவானது, ஆனால் இந்தச் சின்ன ரோம்களுக்கு அது போதும்.

ஸ்லிம்மில் 90000 வரிசையில் பிந்தி வந்தவை இந்தக் கார்டை ஏற்காது. அவற்றுக்கு 2020-ல் வந்த ஃப்ரீ டிவிடி பூட் வழி உண்டு, ஆனால் அது எழுதிய டிவிடியைப் படித்தாக வேண்டும். அங்கே லென்ஸ் நன்றாக இருக்க வேண்டும்.

கவர்மெண்டு குடுத்த டிவி இருக்கு. அதுல போடலாமா, எல்.இ.டி.தான் வேணுமா?

2006-க்குப் பிறகு அரசு கொடுத்த அந்த 14 அங்குல டிவிதானே? பி.எஸ்.2-வுக்கு அதைவிட நல்லது வேண்டாம். ட்யூப் டிவி, சிக்னல் வரவர அப்படியே திரையில் வரைந்துவிடும். எல்.இ.டி. டிவி படத்தைப் பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகுதான் காட்டும். பட்டனை அமுக்கினால் 'மரியோ' ஒரு கணம் யோசித்துக் குதிக்கிற மாதிரி இருப்பது அதனால்தான். எல்.இ.டி.தான் உண்டு என்றால் கேம் மோடு போடுங்கள். வயரில் மஞ்சள் படம், வெள்ளையும் சிவப்பும் சத்தம். டிவியில் சத்தத்துக்கு ஒரே துளை இருந்தால் வெள்ளையை மட்டும் மாட்டுங்கள்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் பயப்பட வேண்டாம். நம் ஊர் டிவி பி.ஏ.எல். என்ற முறை, நொடிக்கு 50 தடவை படம் வரையும். அமெரிக்க, ஜப்பான் மெசின்கள் என்.டி.எஸ்.சி., நொடிக்கு 60. டிவிக்கு அந்த நிறம் புரியவில்லை. பாட்டு இழுத்தமாதிரி, ஆட்டம் மெதுவாக இருந்தால் அது தலைகீழ்: 60-க்கு எழுதிய கேமை எமுலேட்டர் 50-இல் ஓட்டுகிறது. ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். எமுலேட்டர் செட்டிங்கில் என்.டி.எஸ்.சி.க்கு மாற்றிப் பாருங்கள்.

சேவ் பண்ணிட்டுத்தான் அமத்துனேன். மறுநாள் பாத்தா இல்ல!

இரண்டு வித சேவ் உண்டு. கேமுக்குள்ளேயே இருக்கும் சேவ் ஒன்று. எமுலேட்டர் அந்த நொடியை அப்படியே படம்பிடித்து வைக்கும் ஸ்டேட் இன்னொன்று. கேமுக்குள் சேவ் செய்தாலும் பல எமுலேட்டர்கள் அதை உடனே கார்டில் எழுதாது. மெனுவுக்குப் போகும்போதோ முறையாக வெளியேறும்போதோதான் எழுதும். பவர் சுவிட்சைப் பிடித்து இழுத்து அணைத்தால் போயிற்று. பி.எஸ்.பி.யில் சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினால் தூங்கும், இழுத்துப் பிடித்தால் முழுக்க அணையும், கஸ்டம் ஃபர்ம்வேரும் கூடவே போகும்.

ஸ்டேட் அதை எடுத்த எமுலேட்டருக்கு மட்டுமே புரியும். நாளைக்கு எமுலேட்டரை மாற்றினால் திறக்காது. பல மாதம் ஆடப்போகும் கேமுக்குக் கேமுக்குள் உள்ள சேவையே நம்புங்கள்.

2023 வெள்ளத்துல முங்கின பி.எஸ்.2. தம்பியோட மெமரி கார்டும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. ஏதும் தேறுமா?

டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்த பிறகு ஜங்ஷன், சிந்துபூந்துறைப் பக்கமிருந்து இதே கேள்வி பலமுறை வந்தது. முதல் விஷயம், ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக்கூட கரண்ட் கொடுக்காதீர்கள். அரிசிக்குள் புதைப்பதாலும் பயனில்லை, பிரச்சினை ஈரம் இல்லை, வண்டல். முழுக்கப் பிரித்து, உள்ளே காசு வடிவ சி.ஆர்.2032 பேட்டரி இருந்தால் அதைக் கழற்றி, போர்டை டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, 99 சதவீத ஐசோபிரொபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் வைத்துத் தேய்க்க வேண்டும். தகரத் தடுப்புகளுக்குக் கீழேதான் சேறு ஒளிந்திருக்கும். பிறகு மின்விசிறிக் காற்றில் நாலைந்து நாள். கனெக்டர்களில் பச்சை படர்ந்திருந்தால் மெசின் பிழைப்பது கஷ்டம்.

மெமரி கார்டு பிழைக்க வாய்ப்பு அதிகம். அதிலுள்ள ஃபிளாஷ் சிப்புக்குத் தகவலை வைத்திருக்க மின்சாரமே தேவையில்லை. கார்டைத் திறந்து அந்தச் சின்னப் போர்டை இதே முறையில் கழுவிக் காயவைத்து, முனையின் உலோகப் பட்டைகளை அழிரப்பரால் துடையுங்கள். வேறொரு நல்ல பி.எஸ்.2-வில் மேலே சொன்ன ஃப்ரீ எம்.சி. பூட் கார்டை முதல் துளையிலும் இதை இரண்டாவதிலும் சொருகி, யூலாஞ்ச் எல்ஃப் என்ற கோப்பு மேலாளரைத் திறந்து, சேவ் ஃபோல்டர்களைப் பென் டிரைவுக்கு நகல் எடுங்கள். கார்டு திறக்கிறதே என்று உடனே கேமைப் போட்டு ஆட உட்காராதீர்கள், நகல்தான் முதலில்.

இதைக் கேட்ட அக்காவின் கார்டு மூன்றாவது தடவை சொருகியபோதுதான் தெரிந்தது. ஒன்பது ஃபோல்டர் இருந்தது, எட்டு முழுசாக வந்தது. தம்பி இப்போது சவுதியில். பென் டிரைவ் ஒன்றை அக்கா வைத்திருக்கிறார், இன்னொரு நகல் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது.